அறிஞர் லிக்லைடர்

கணிப்பொறியைக் காணாத மாணவர் இன்று அரியர். விசையை அழுத்தியவுடன் எழுத்துத் திரையில் தோன்றுகிறது. கையளவான சிறு கருவியை மேசைமீது நகர்த்தினால், திரையிலுள்ள அம்புக்குறியும் உடன் நகர்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடச் சொன்னால், அதைப் பற்றிய செய்திகள் நொடிப்பொழுதில் வந்து நிற்கின்றன. இவையெல்லாம் கணிப்பொறியோடு உடன் பிறந்தவை என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கணிப்பொறி தோன்றிய தொடக்க நாளில், மனிதன் அதன்முன் அமர்ந்து வினவுவதும் அது உடனே விடை தருவதுமாகிய வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவ்வழக்கம் உலகில் நிலைபெற உழைத்தவர் பலர். அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜோசப் கார்ல் ராப்னெட் லிக்லைடர். அவர் கணிப்பொறி செய்யும் தொழிலில் வளர்ந்தவரல்லர்; செவிப்புலனை ஆராய்ந்த உளநூல் அறிஞர். செவியை ஆராய்ந்தவர் கணிப்பொறியிடம் வந்து சேர்ந்த வரலாறு சுவையும் பயனும் உடையது.

லிக்லைடர் 1915 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயி நகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். இளமையிலேயே அவருக்குப் பொறிகளில் பெரு விருப்பம் இருந்தது. விமானங்களின் சிற்றுருவங்களைத் தம் கையாலேயே செய்து மகிழ்ந்தார். பழைய மோட்டார் வண்டிகளைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கும் பழக்கம் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை.

செயின்ட் லூயி நகரிலேயே வாஷிங்டன் பல்கலைக் கழகம் என்ற பெயருடைய பல்கலைக் கழகம் ஒன்று உண்டு. லிக்லைடர் அதில் பயின்று 1937 இல் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றன்று; பௌதிகம், கணிதம், உளநூல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயின்றார். இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை எனத் தோன்றலாம். ஆனால், பின்னாளில் அவர் செய்த பணி இம்மூன்றும் கூடுகின்ற இடத்திலேயே அமைந்தது. அடுத்த ஆண்டு உளநூலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கு மாநிலத்து ரோச்சஸ்டர் பல்கலைக் கழகத்திற்குச் சென்று, பல்வேறு சுருதிகளையுடைய ஒலிகள் பூனையின் மூளையில் எவ்வெவ்விடங்களில் உணரப்படுகின்றன என்பதை மின்கருவிகளால் ஆராய்ந்தார். 1942 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அப்பொழுது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் விமானத்தினுள் எஞ்சின் எழுப்பும் பேரிரைச்சலில், வானொலிக் கருவி வழியாக வரும் கட்டளை விமானியின் செவியில் தெளிவாக விழுவதில்லை. ஒரு சொல்லைப் பிறழக் கேட்டாலும் பல உயிர்கள் அழியும். இக்குறையைப் போக்கும் வழி காண ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உள ஒலியியல் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கி வந்தது. லிக்லைடர் 1943 இல் அங்குச் சேர்ந்து, 1950 வரை பணியாற்றினார்.

அங்கு அவர் கண்ட உண்மை ஒன்று தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். பேச்சில் உயிரொலி வலிமை மிக்கது, மெய்யொலி மெலிது. ஆயினும், ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துணரப் பெரிதும் உதவுவது அம்மெல்லிய மெய்யொலியே. கடல், மடல், படல் என்னும் சொற்களில் முதல் மெய்யொன்றே வேறு. அது செவிக்கு எட்டாவிடின் மூன்றும் ஒன்றாகிவிடும். இரைச்சல் மிகுந்த இடத்தில் முதலில் மூழ்கிப் போவதும் அந்த மெய்யொலிதான். லிக்லைடரும் அவருடன் உழைத்தோரும் பேச்சொலியின் அலைகளில் உயர்ந்து நிற்கும் முகடுகளை மின்கருவியால் வெட்டினர். எஞ்சிய அலையைப் பெருக்கிச் செவிக்கு அனுப்பினர். ஓங்கிய உயிரொலி தாழ்ந்தது. மெலிந்த மெய்யொலி அதற்கு நிகராக எழுந்தது. அலையின் வடிவம் சிதைந்துவிட்டது என்பது மெய்யே. குரலின் இனிமையும் போய்விட்டது. ஆனால், சொல் விளங்கியது. முகடுகளை ஏறக்குறைய முழுதுமாக வெட்டிவிட்ட நிலையிலும் பேச்சின் பொருள் பெரிதும் விளங்கக் கண்டு அறிஞர்கள் வியந்தனர்.

பொறியாளர் அதுவரை, அலை சிதையாமல் போய்ச் சேரவேண்டும் என்பதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தனர். லிக்லைடரோ, அலையைக் கேட்கும் மனிதனுக்கு எது வேண்டும் என்று முதலில் வினவினார். கருவியின் சிறப்பைக் கருவியை வைத்து அளவிடாது, அதைப் பயன்படுத்துவோனை வைத்து அளவிடும் இந்நோக்கு அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் காணப்படும்.

போர் முடிந்தது. 1945 இல் லிக்லைடர் லூயிஸ் என்னும் மங்கையை மணந்தார்; அவர்களுக்கு இரு மக்கள் பிறந்தனர். 1950 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரைத் துணைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. அக்கழகம் பொறியியலுக்குப் பெயர் பெற்றது. அங்குப் பயிலும் பொறியியல் மாணவர்க்கு உளநூல் கற்பிக்கும் பாடத்திட்டம் ஒன்றை லிக்லைடர் ஏற்படுத்தினார். பாலம் கட்டவும் மின்சுற்று அமைக்கவும் வந்த இளைஞர்க்கு உளநூல் எதற்கு என்று சிலர் எண்ணியிருத்தல் கூடும். பொறியைச் செய்பவன் அதை இயக்கப்போகும் மனிதனின் கண்ணும் காதும் நினைவும் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பது லிக்லைடரின் கருத்து. அவரை மாணவரும் நண்பரும் லிக் என்றே சுருக்கமாக அழைத்தனர். அமெரிக்க நாட்டிலும் பேராசிரியர் ஒருவரை அவ்வளவு உரிமையோடு அழைப்பது எல்லோரிடத்தும் நிகழ்வதன்று.

அக்காலத்துக் கணிப்பொறிகளின் நிலையை இங்கு அறிதல் வேண்டும். கணிப்பொறி ஒன்று ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் விலை பல இலட்சம் டாலர். ஆதலின், அதன் ஒரு மணித்துளியையும் வீணாக்கலாகாது என்று அதை உடையோர் கருதினர். கணக்கு ஒன்றைத் தீர்க்க விரும்பும் ஆராய்ச்சியாளன், தன் கட்டளைகளைத் தடித்த அட்டைகளில் துளைகளாக இட்டு, அவ்வட்டைக் கட்டினைக் கணிப்பொறியைக் காக்கும் பணியாளரிடம் ஒப்படைப்பான். அவர்கள் பலருடைய கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பொறிக்கு ஊட்டுவர். விடை அச்சான தாள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். அட்டையில் ஒரு காற்புள்ளி பிழையாக இருந்தால் விடைக்கு மாறாகப் பிழைச் செய்தியே வரும். அவன் பிழையைத் திருத்தி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். பொறியின் காலம் விலைமதிப்பு உடையது. மனிதனின் காலம் அவ்வாறன்று என்பதே அம்முறையின் அடிப்படை.

இந்நிலைக்கு விலக்கான கணிப்பொறி ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே இருந்தது. சுழற்காற்று என்று பொருள்படும் வேர்ல்விண்டு என்பது அதன் பெயர். நிகழ்ச்சி நடக்கும்பொழுதே அதற்கேற்ப விடை தரும் வேகம் அதற்கு உண்டு. படம் காட்டும் திரையும் உண்டு. சோவியத் நாடு 1949 இல் அணுகுண்டைச் சோதித்த பின்னர், பகை விமானங்களை முன்னறிந்து தடுக்கும் அமைப்பு ஒன்றை அமெரிக்க அரசு நிறுவ முற்பட்டது. சேஜ் எனப்பட்ட அவ்வமைப்பில், இராடார் தரும் செய்திகளைக் கணிப்பொறி தொகுத்துத் திரையில் காட்டும். வீரர்கள் திரையின்முன் அமர்ந்து, ஒளியுணரும் துப்பாக்கி போன்றதொரு கருவியைத் திரையிலுள்ள புள்ளியின்மேல் வைத்து, இஃது எந்த விமானம் எனக் கணிப்பொறியை வினவுவர். இவ்வமைப்பை உருவாக்கப் பெரிதும் உழைத்த லிங்கன் ஆய்வுக்கூடத்தை நிறுவிய குழுவில் லிக்லைடரும் ஒருவர். மனிதன் அத்திரையை எவ்வாறு காண்பான், எவ்வளவு விரைவில் முடிவு செய்வான் என்பவற்றை ஆராயும் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே வெஸ்லி கிளார்க்கு என்னும் பொறியாளர், டி.எக்ஸ். 2 என்ற புதிய கணிப்பொறியை அவருக்குக் காட்டினார். அதன் திரையின்முன் ஒருவர் தனித்து அமர்ந்து அதை இயக்கலாம். லிக்லைடர் அதன்மேல் கொண்ட பற்று பின்னர்க் குறையவேயில்லை.

1957 ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் அவர் ஒரு சிறு சோதனை செய்தார். உலகிலுள்ள அறிஞர் அனைவரும் எவ்வாறு காலத்தைச் செலவிடுகின்றனர் என்று ஆராய்வது அரிது. ஆதலால், சோதனைப் பொருளாகத் தம்மையே கொண்டார். அன்றாடம் தாம் செய்யும் வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் குறித்து வந்தார். தாம் சிந்தனையில் செலவிடுவதாக எண்ணியிருந்த நேரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு சிந்தனையில் செல்லவேயில்லை என்பதை அக்குறிப்பு காட்டியது. சிந்திப்பதற்கு வேண்டியவற்றைத் தேடுவதிலும், கணக்கிடுவதிலும், கோட்டுப்படம் வரைவதிலும், வரையும் முறையை உதவியாளர்க்கு விளக்குவதிலுமே அது கழிந்திருந்தது.

அவர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரைச்சலுக்கும் பேச்சின் தெளிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெவ்வேறு ஆய்வாளர் செய்த ஆறு சோதனைகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுமுறையைக் கையாண்டிருந்தனர். அவற்றையெல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் கணக்கிட வேண்டியதாயிற்று. கணக்கு முடிந்து, எண்கள் ஒரே அளவில் அமைந்தபின், அவர் அறிய விரும்பியதை அறியச் சில நொடிகளே ஆயின. இன்னும் வருந்தத்தக்கது ஒன்றையும் அவர் கண்டார். எந்த ஆராய்ச்சியை மேற்கொள்வது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்யும்பொழுது, அதன் அறிவுச் சிறப்பைக் காட்டிலும், அதிலுள்ள எழுத்தர் வேலையைச் செய்து முடிக்க இயலுமா என்பதே தம் மனத்தில் முந்தி நின்றது என்பதை உணர்ந்தார். அளவு வேலையின் சுமைக்கு அஞ்சி நல்ல வினாக்கள் எழாமலே மடிந்து போவதைவிட ஓர் அறிஞனுக்குப் பெரிய இழப்பு வேறு யாது?

அவ்வாண்டிலேயே லிக்லைடர், போல்ட் பெரனெக் நியூமன் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். அரங்குகளில் ஒலி நன்கு கேட்குமாறு அமைக்கும் கலையில் வல்ல நிறுவனம் அது. ஏறத்தாழ 25,000 டாலர் விலையில் ஒரு கணிப்பொறியை வாங்கவேண்டும் என்று அவர் கேட்டார். அந்நிறுவனம் ஆராய்ச்சிக் கருவி ஒன்றுக்கு அவ்வளவு பொருளை அதுவரை செலவிட்டதில்லை. அதைக்கொண்டு செய்யப்போவது யாது என்று தலைவர் பெரனெக் வினவ, அது தமக்கே தெரியாது என்று லிக்லைடர் மறைக்காமல் விடையிறுத்தார். ஆயினும், வருங்காலத்தில் சிறந்து நிற்க விரும்பும் நிறுவனம் கணிப்பொறியை அறிந்திருத்தல் வேண்டும் என்றார். பெரனெக் அவருடைய அறிவில் நம்பிக்கை வைத்து அதை வாங்கிக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் பி.டி.பி. 1 என்னும் உயர்ந்த கணிப்பொறியும் அங்கு வந்தது. லிக்லைடர் பல மணி நேரம் அதன்முன் அமர்ந்து, தாமே கட்டளைகளை எழுதிப் பழகினார்.

தம் எண்ணங்களைத் தொகுத்து 1960 இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதனும் கணிப்பொறியும் கூடி வாழும் வாழ்வைப் பற்றியது அது. அதன் தொடக்கத்தில் அவர் கூறிய உவமை அத்திமரத்தைப் பற்றியதாகும். அத்தியின் காய்க்குள்ளே நுண்ணிய குளவியொன்று வளர்கிறது. அதற்கு வேண்டிய உணவை மரம் அளிக்கிறது. அக்குளவியின்றி மரம் மகரந்தம் பெற்று இனம் பெருக்க இயலாது. மரமும் குளவியும் வேறு வேறு இனம். ஆனால் ஒன்றையன்றி ஒன்று வாழாது. நம் நாட்டு அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த சிறுவர் இக்குளவியைக் கண்டிருப்பர். புழு என்று எறிந்தும் இருப்பர். மனிதனும் கணிப்பொறியும் அவ்வாறு கூடி வாழும் காலம் வரும் என்றார் லிக்லைடர். குறிக்கோளை வகுப்பதும், வினாவை எழுப்புவதும், விடையின் தகுதியை மதிப்பிடுவதும் மனிதனுடைய பணி. தேடுதல், கணக்கிடுதல், வரைந்து காட்டுதல் ஆகியவை பொறியின் பணி. அட்டைகளை ஒப்படைத்துவிட்டு மறுநாள் வருகின்ற முறையில் இக்கூட்டு இயலாது. முன்கூட்டியே வகுக்க முடியாத வினாக்களில் மனிதன் ஓரடி வைக்க, பொறி ஓரடி வைக்க, உரையாடிக்கொண்டே செல்லவேண்டும்.

பொறிகளே தாமாகச் சிந்திக்கும் நாள் பின்னர் வரக்கூடும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அதுவரை மனிதனும் பொறியும் கூடி உழைக்கும் காலம் 10 ஆண்டாகவும் இருக்கலாம். 500 ஆண்டாகவும் இருக்கலாம். அக்காலமே மனித அறிவின் வரலாற்றில் ஆக்கம் மிகுந்த காலமாக இருக்கும் என்று கருதினார்.

இக்கருத்துக்குப் பெருந்தடை ஒன்று இருந்தது. ஒருவன் சிந்தித்துக்கொண்டிருக்கும்பொழுது பல இலட்சம் டாலர் மதிப்புள்ள பொறி அவனுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டனர். அதற்கு விடையாகக் காலப்பகிர்வு என்னும் முறை தோன்றியது. மனிதன் ஒரு விசையை அழுத்தி அடுத்த விசைக்குப் போவதற்குள் பொறி ஆயிரக்கணக்கான செயல்களைச் செய்துவிடும். ஆதலால், அதன் காலத்தைச் சிறுசிறு துணுக்குகளாக நறுக்கி, பலர்க்கு மாறி மாறி அளித்தால், ஒவ்வொருவரும் அதைத் தமக்கே உரியதாக உணர்வர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் 1961 இல் இம்முறையைச் செய்து காட்டினார். லிக்லைடர் இருந்த நிறுவனமும் 1962 இல் பி.டி.பி. 1 கணிப்பொறியில் அதைச் செய்து காட்டியது.

அவ்வாண்டு அக்டோபரில் லிக்லைடர் வாஷிங்டன் நகருக்கு அழைக்கப்பட்டார். சோவியத் நாடு 1957 இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதைக் கண்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி அமைப்பை 1958 இல் தோற்றுவித்திருந்தது. கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்யும் பொறுப்பு அதில் லிக்லைடருக்கு அளிக்கப்பட்டது. கருத்தை எழுதியவர் கையிலேயே அதை நிறைவேற்றும் பொருளும் வந்து சேர்வது அறிஞர் வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

அப்பொருளை அவர் பெரிதும் பல்கலைக் கழகங்களுக்கு அளித்தார். அந்நாளில் கணிப்பொறி இயலைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக் கழகங்கள் மிகச் சில. ஸ்டான்போர்டு, கார்னகி, பெர்க்கிலி, மாசசூசெட்ஸ் ஆகிய இடங்களில் திறமையுடையோர் யாவர் என்று தேடினார். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பொருள் கிடைக்க வழி செய்தார். பேராசிரியர்க்குப் பணம் வந்தால் மாணவர்க்குப் பொறி வரும். பொறியின்முன் அமர்ந்த மாணவர் நாளை ஆசிரியராவர் என்பது அதன் விளைவாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் வர்ஜீனியா மாநிலத்தில் கணிப்பொறி அறிஞர் கூடிய மாநாடு ஒன்று நடந்தது. மாநாடு முடிந்து திரும்பும் புகைவண்டியில் லிக்லைடரும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இராபர்ட்டு பானோ என்னும் பேராசிரியரும் நெடுநேரம் உரையாடினர். பானோ ஊர் திரும்பியதும் திட்டம் ஒன்றை எழுதினார். 1963 ஜூலையில் அத்திட்டம் மாக் என்ற பெயரில் தொடங்கியது. நகரின் பல இடங்களிலிருந்த தட்டச்சுக் கருவிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு கணிப்பொறியோடு இணைக்கப்பட்டன. மாணவர்கள் நள்ளிரவிலும் தம் அறையிலிருந்தே அதனோடு உரையாடினர். ஒருவர் எழுதிய கட்டளைத் தொகுதியை மற்றவரும் எடுத்துப் பயன்படுத்தினர். கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ள வந்தவர்கள் தம் அறிவையும் பகிர்ந்துகொள்ளலாயினர். இது யாரும் முன்னர் எதிர்பாராத நன்மை.

கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கெல்பர்ட்டு என்னும் பொறியாளர், மனித அறிவைக் கணிப்பொறியால் பெருக்குவது எவ்வாறு என்று தனித்திருந்து ஆராய்ந்து வந்தார். அவருக்குப் பொருளுதவி செய்தோருள் லிக்லைடரும் ஒருவர். திரையில் வேண்டிய இடத்தைச் சுட்டுவதற்காக, அடியில் சக்கரங்கள் பொருத்திய மரப்பெட்டி ஒன்றை எங்கெல்பர்ட்டின் குழு 1964 இல் செய்தது. இன்று மவுஸ் என்று வழங்கும் கருவி அதுவே. 1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பர்ட்டு அதை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார்.

தாம் பொருளுதவி செய்த ஆய்வுக்கூடங்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதும், ஒன்றின் கணிப்பொறி மற்றொன்றன் மொழியை அறியாதிருப்பதும் லிக்லைடரை வருத்தின. 1963 ஏப்ரலில் அவர்கள் அனைவர்க்கும் ஒரு மடல் விடுத்தார். அண்டங்களை இணைக்கும் கணிப்பொறி வலையின் உறுப்பினர்களே என்று அவர்களை விளையாட்டாக விளித்து, கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமாயின் என்னென்ன செய்யவேண்டும் என்று அதில் ஆராய்ந்தார். விளையாட்டாக எழுந்த பெயர் நெடுநாள் விளையாட்டாக இருக்கவில்லை.

இப்பொருள் யாவும் போர்த்துறையின் பொருள் என்பதை மறத்தல் ஆகாது. படைத்தலைவன் விரைந்து முடிவு செய்யவும் அறிஞன் ஆழ்ந்து சிந்திக்கவும் வேண்டப்படும் கருவி ஒன்றே என்று லிக்லைடர் நம்பினார். அவ்வாறே மேலிடத்திற்கும் எடுத்துரைத்தார். அதனால் பல்கலைக் கழகங்கள் செழித்தன. எனினும், அமைதிக்கால அறிவுப்பணி தன் உணவுக்குப் படைத்துறையின் கையை நோக்கி நிற்பது தக்கதா என்னும் வினா 1960 களின் இறுதியில் அமெரிக்க மாணவரிடையே எழுந்தது. அது முறையான வினாவே.

1964 இல் லிக்லைடர் ஆர்ப்பாவை விட்டு நீங்கி, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் சில ஆண்டு பணியாற்றினார். அவர் விட்டுச் சென்ற பொறுப்புக்குப் பின்னர் வந்தவருள் இராபர்ட்டு டெய்லர் என்பவர், கணிப்பொறிகளை இணைக்கும் வலையை உண்மையாகவே அமைக்க முற்பட்டார். செய்திகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கும் கருவிகளைச் செய்து கொடுத்தது லிக்லைடர் முன்பு இருந்த போல்ட் பெரனெக் நியூமன் நிறுவனம். 1969 அக்டோபர் 29 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற் செய்தி சென்றது. இன்றைய இணையத்தின் முன்னோடி அவ்வலையே.

லிக்லைடர் 1965 இல் வருங்கால நூலகங்கள் என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். 2000 ஆம் ஆண்டளவில் நூலகம் எவ்வாறு இருக்கும் என்பதை ஆராயும் நூல் அது. தாளில் அச்சான புத்தகம் படிப்பதற்கு ஏற்றது; ஆனால், பல்லாயிரம் புத்தகங்களில் சிதறிக் கிடக்கும் அறிவைத் தேடித் தொகுப்பதற்கு அஃது ஏற்றதன்று என்று அவர் கண்டார். படிப்பவர் தம் மேசையிலிருந்தே வினவ, கணிப்பொறி அறிவுக் களஞ்சியத்தைத் துழாவி விடை தேடித் தரும் அமைப்பை அந்நூலில் வரைந்து காட்டினார். 1968 இல் டெய்லரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், கணிப்பொறி வெறும் கணக்குக் கருவி அன்று, மனிதர் ஒருவரோடொருவர் கருத்தைப் பரிமாறும் கருவியாகும் என்று நிறுவினார். அண்டை வீட்டாரோடு மட்டுமன்றி, ஒத்த நாட்டமுடையவர் எங்கிருந்தாலும் அவரோடு கூடி வாழும் நாள் வரும் என்றார். அக்கட்டுரையின் முடிவில் அவர் எழுப்பிய ஐயம் கருதத்தக்கது. இவ்வசதி எல்லார்க்கும் உரிமையாகுமா, சிலர்க்கே சலுகையாகுமா? சிலர்க்கே கிட்டுமாயின் மக்களிடையே அறிவின் ஏற்றத்தாழ்வு முன்னையினும் பெருகும் என்று அஞ்சினார். தம் கனவைப் புகழ்ந்துரைக்கும் கட்டுரையிலேயே அதன் குறையையும் எண்ணிப் பார்த்த நேர்மை அவருடையது.

அவ்வாண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாக் திட்டத்தின் தலைமையை ஏற்றார். சில ஆண்டுகளே அப்பொறுப்பில் இருந்தார். பின்னர் அதைத் துறந்து, ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் திரும்பினார். 1974, 1975 ஆம் ஆண்டுகளில் மீண்டும் வாஷிங்டனில் பழைய பொறுப்பைச் சிறிது காலம் வகித்தார். ஏனைய காலமெல்லாம் மாணவரோடு கழிந்தது. அவர் இருந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த இளைஞர் சிலர் 1977 இல் ஜோர்க்கு என்னும் விளையாட்டைக் கணிப்பொறிக்கென எழுதினர். அதில் படமே இல்லை. ஆடுபவர், கதவைத் திற, விளக்கை எடு என்பன போன்ற கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும். கணிப்பொறி அடுத்து நிகழ்வதைத் தன் சொற்களில் கூறும். மனிதனும் பொறியும் மாறி மாறிப் பேசிக்கொண்டே ஒரு கதையினூடே செல்வர். அவ்விளைஞர் முதலியோர் 1979 இல் இன்போகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபொழுது, நிறுவியவர் வரிசையில் அறுபதைக் கடந்த பேராசிரியர் லிக்லைடரின் பெயரும் இருந்தது.

மனிதனும் கணிப்பொறியும் ஊடாடும் முறையை ஆராயும் இயல் 1980 களில் தனித்துறையாக உருப்பெற்றது. 1982 இல் மேரிலாந்து மாநிலத்தில் இதற்கென மாநாடு ஒன்று கூடியது. அடுத்த ஆண்டு ஸ்டூவர்ட்டு கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் இவ்வூடாட்டத்தின் உளநூலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். விசையை அழுத்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும், அடுத்துச் செய்வதை எண்ண மனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் அளந்து கூறியது அந்நூல். தம் வேலை நேரத்தைத் தாமே குறித்துப் பார்த்த 1957 ஆம் ஆண்டுக் குறிப்பின் வழித்தோன்றல் என்று அதைக் கூறலாம். மூவருள் நியூவெல், லிக்லைடர் முன்னாளில் பொருளுதவி செய்த கார்னகிப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்.

லிக்லைடர் 1985 இல் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1990 ஜூன் 26 ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில், தம் எழுபத்தைந்தாம் அகவையில் உயிர் நீத்தார். அவ்வாண்டு முடிவதற்குள், ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞரின் கணிப்பொறியில் உலகளாவிய வலையின் முதற் பக்கம் இயங்கத் தொடங்கிவிட்டது. வருங்கால நூலகத்திற்கு லிக்லைடர் குறித்திருந்த ஆண்டுக்கு அப்பொழுது இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.